வெயிலில் பதினைந்து நிமிடம்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது என் ரெக்கார்டு நோட்டில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். 'கொடுக்கப்பட்ட உப்பு தக்காளிச் சாதம் என்று கண்டறியப்பட்டது.' அதை எழுதியது எனக்கே தெரியாது. உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறேன். கையெழுத்து அழகாகவே இருந்தது. கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருந்தேன்.

வேதியியல் மேடம் அதை இரண்டு முறை படித்தார். திட்டவில்லை.

"காலையில என்னம்மா சாப்ட்ட?"

"சாப்புடலீங்க மேடம்."

"நேத்து ராத்திரி?"

கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல முடிந்தது. "தக்காளிச் சாதம்ங்க மேடம்."

"சரி, அதாச்சும் உண்மையா இருக்குது" என்று நோட்டை மூடினார். "இன்னிக்கு லேப் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வா."

நான் அப்போது அரூரில் ஒரு மாணவியர் விடுதியில் இருந்தேன். பகலில் கல்லூரி, மாலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, அது முடிந்தால் ரெக்கார்டு, ஞாயிற்றுக்கிழமை அரசுத் தேர்வுக்கான வகுப்பு. அறையில் எங்கள் மூன்று பேரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒருத்தி பொம்மிடிக்காரி. வங்கித் தேர்வுக்குப் போனிலேயே மூன்று வகுப்புகள் கேட்பாள், ஒரே நேரத்தில் இரண்டைக் கேட்கவும் முயன்றிருக்கிறாள். இன்னொருத்தி சித்தேரிக்காரி. சனிக்கிழமை மலைக்குப் பஸ் ஏறினால் வீட்டில் சாமைக்காட்டு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத் திங்கள் காலை நேராக வகுப்பில் வந்து உட்காருவாள். மூன்று பேரும் கண்ணாடியில் ஒரே மாதிரி இருந்தோம். கண்ணுக்குக் கீழே மை அப்பியது போல.

டாக்டர் இளைஞர். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு கொட்டாவி விட்டார்.

"தண்ணி எவ்ளோ குடிப்பீங்க?"

"தாகம் எடுத்தாக் குடிப்பங்க சார்."

"எடுக்குதா?"

"கவனிக்கலீங்க."

"வெயில்ல நிப்பீங்களா?"

"எதுக்குங்க சார்?"

தருமபுரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு உடம்பில் வெயில் போதவில்லை என்று அவர் சொன்னபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. விடுதியிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழியெல்லாம் புங்கமரம். அதற்குப் பிறகு ஆய்வகம், அதற்குப் பிறகு கடை. யோசித்துப் பார்த்தால் வெயிலை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சீட்டில் வரிசையாக எழுதினார். காலையில் எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணீர். காலை டிபன் கட்டாயம். தினமும் பதினைந்து நிமிடம் வெயில். ஏழு மணி நேரத் தூக்கம். கீழே கையெழுத்துப் போட்டார்.

பழக்கதோஷத்தில் அந்தச் சீட்டை மருந்துக்கடையில் நீட்டிவிட்டேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"தண்ணி, தூக்கம், வெயிலு... இதெல்லாம் நம்மகிட்ட வர்றதில்லம்மா" என்றார். "எதுக்கும் எதுத்த கடையில கேட்டுப் பாருங்க."

அறைக்கு வந்து சொன்னதும் பொம்மிடிக்காரி சீட்டை வாங்கிச் சுவரில் ஒட்டினாள். அவளுக்கு எதையாவது அட்டவணை போடாவிட்டால் கை அரிக்கும். போனில் தேடி, வெயிலில் நிற்கும்போது செருப்பில்லாமல் மண்ணில் நிற்க வேண்டும், போன் கூடாது, பேசவும் கூடாது என்று மூன்று விதிகளைச் சேர்த்தாள். பேசினால் அரியர் பேப்பரைப் பற்றித்தான் பேசுவோம், அது உடம்புக்கு ஆகாது என்பது அவள் கட்சி.

சித்தேரிக்காரி கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கூர்ல வெறுங்காலோட வெயில்ல நிக்கறதுக்குப் பேரு களை எடுக்கறது. அதுக்குப் போயி டைம்டேபிளா?"

"களை எடுக்கக் கூடாது. சும்மா நிக்கணும்."

"சும்மாவா?" அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சும்மா நிற்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. நானும் வருகிறேன் என்றாள்.

இடம்தான் சிக்கல். மொட்டைமாடி குரங்குத் தொல்லையால் பூட்டியிருந்தது, சாவி வார்டன் அம்மாவின் இடுப்புக் கொத்தில். விடுதி முற்றம் முழுக்க சிமெண்டு, அதிலும் பக்கத்துக் கட்டடத்தின் நிழல். சுற்றிப் பார்த்ததில் காலை ஏழரைக்கு வெயிலும் மண்ணும் சேர்ந்து கிடைத்த இடம் ஒன்றே ஒன்றுதான். எதிர்ச்சாரியில் இருந்த ஒரு அலுவலகத்தின் வாசலுக்கு முன்னால், சாலையோரமாக ஒரு துண்டு மண்தரை. எந்த அலுவலகம் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. மனு வாங்குகிற அலுவலகம் என்றால் போதும். சூரியன் சரியாக அதன் வாசலுக்கு மேலே வந்து நிற்கும். ஆகவே சூரியனைப் பார்த்து நின்ற நாங்கள் அலுவலகத்தையும் பார்த்தபடி நின்றோம்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு அக்கா வந்து என் பக்கத்தில் நின்றார். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் காகிதங்கள்.

"என்ன கோரிக்கைங்க பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

விதிப்படி நான் பேசக் கூடாது. பொம்மிடிக்காரி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த அக்கா எங்கள் மூன்று பேரின் மூடிய வாயையும் வெறும் காலையும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, கவரை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

பதினைந்து நிமிடம் முடிந்து நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரே தன் கதையைச் சொன்னார். கணவர் இறந்துவிட்டார். விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போட்டார். பட்டியலில் யாரோ அவரை ஆண் என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது என்று பதில் வந்திருக்கிறது.

"நேர்ல வந்து காட்டலீங்களா?" என்று கேட்டாள் சித்தேரிக்காரி.

"காட்டனங்க. நேர்ல பாத்தாப் பொம்பளைன்னுதான் தெரியுது, ஆனா சிஸ்டத்துல ஆம்பளைன்னு இருக்குதே, நாங்க என்ன பண்றதுன்னாங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "மொத பஸ்சுக்கே வந்துருவன். பத்து மணிக்குத்தான் தெறப்பாங்க. சும்மா குந்தியிருக்கறதுக்கு உங்களோட நின்னா ஒரு இதுவா இருக்குது."

நாங்கள் போராடவில்லை, உடம்புக்காக நிற்கிறோம் என்று சொன்னோம். "ஆமாங்க, ஒடம்பு முக்கியம்ங்களே" என்று ஒத்துக்கொண்டார். ஆனால் நம்பியது போலத் தெரியவில்லை.

அவர் நின்றதைப் பார்த்து மறுநாள் ஒரு பெரியவர் நின்றார். அவருக்கு நடைபாதைத் தகராறு. அவர் நின்றதைப் பார்த்து இன்னும் நான்கு பேர். வெறுங்காலோடு பேசாமல் நின்றால் மனுவை முதலில் வாங்குகிறார்கள் என்று எப்படியோ ஒரு பேச்சு பரவியிருந்தது. அடுத்த வாரம் எண்ணிப் பார்த்தால் எங்களைச் சேர்த்து இருபது பேருக்கு மேல் இருந்தோம். ஒருவரும் பேசவில்லை. செருப்புகள் ஓரமாக நீளத்துக்கு வரிசையில் கிடந்தன. போகிற பஸ்ஸெல்லாம் எங்கள் முன் மெதுவானது. எதிர்க் கடைக்காரர் ஒரு குடத்தில் மோர் கொண்டுவந்து வைத்தார். எதற்காக என்று அவரும் கேட்கவில்லை. ஏழே முக்கால் ஆனதும் பொம்மிடிக்காரி கையைத் தட்டுவாள், எல்லோரும் மோர் குடித்துவிட்டுக் கலைவோம். எனக்கு மட்டும் இது எங்கேயோ தப்பாகப் போகிறது என்று தோன்றியது. ஆனால் உண்மையைச் சொன்னால், உடம்பு கொஞ்சம் தெளிந்திருந்தது. பசிக்கக்கூட ஆரம்பித்தது.

ஒரு புதன்கிழமை சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வந்தார். பொம்மிடிக்காரி கையைத் தட்டும் நேரம் வரை ஓரமாக நின்று காத்திருந்துவிட்டு, பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார்.

"எந்த அமைப்புங்க?"

"அமைப்பெல்லாம் இல்லீங்க சார். பதினொன்னாம் நம்பர் ரூமு" என்றாள் பொம்மிடிக்காரி.

அவர் எழுதிக்கொண்டார். "தலைவரு?"

"டைம்டேபிள் போட்டது நானுங்க."

"கோரிக்கை?"

"கோரிக்கை எதுவும் இல்லீங்க. ஒடம்பப் பாத்துக்கறதுக்காக நிக்கறம்."

'உடல்நலப் பாதுகாப்புக் கோரி' என்று அவர் எழுதுவதை நான் தலைகீழாகப் படித்தேன்.

"எத்தன நாளைக்கு?"

"வாழ்நாள் முழுக்கங்க. பழக்கம்னா அப்பிடித்தானுங்களே."

'காலவரையற்ற' என்று எழுதினார். பேனாவை நிறுத்தி, கொஞ்சம் கவலையோடு நிமிர்ந்தார். "உண்ணாவிரதம் எதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க சார். முடிச்சிட்டு இட்லி சாப்புடப் போறம். டிபன் கட்டாயம்னு டாக்டரு எழுதியிருக்காரு."

"நல்லதுங்க. ஆம்புலன்ஸ் சொல்ல வேண்டியதில்ல" என்று அவர் நிம்மதியாக நோட்டை மூடினார். போகும்போது, "எனக்கும் முதுகு வலிங்க. வெயிலு கேக்குமா?" என்று கேட்டார். கேட்கும் என்றாள் பொம்மிடிக்காரி.

அன்று மாலை ஜெராக்ஸ் கடையில் இருக்கும்போது அப்பா போன் செய்தார். அவர் மேஸ்திரி. சாரத்தின் மேலிருந்துதான் பேசுவார், காற்று இரையும். எங்கள் போட்டோ ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டதாம்.

"போராட்டம் பண்றயாம்மா?"

"இல்லப்பா. வெயில்ல நிக்கறன், அவ்ளோதான்."

"வெயில்ல நிக்கறதுக்கா ஆஸ்டல்ல சேத்தன்? இங்கயே நிக்கலாமே."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "ஒடம்பு முடியலன்னா மொதல்லயே சொல்றதில்லையா" என்றார். குரல் இறங்கிவிட்டது. பிறகு, "சரி, நின்னது நின்னுட்ட. ஆபீசருங்க பேச வந்தாங்கன்னா நம்மூரு ரோட்டையும் ஒரு வார்த்த சொல்லிரு" என்று வைத்துவிட்டார்.

அதிகாரி அடுத்த நாளே ஜீப்பில் வந்தார். அவருக்காக அன்று அலுவலகத்தைக் காலையிலேயே திறந்திருந்தார்கள். ஐம்பதை நெருங்கிய பெண்மணி. எங்களைவிடக் கறுப்பாக இருந்தது அவர் கண்ணுக்குக் கீழே. நாங்கள் பேசாமல் நின்றதால் அவரும் பேசாமல் ஜீப் நிழலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தட்டிய பிறகு எங்கள் மூவரையும் உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சொல்லுங்கம்மா. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாங்க மேடம்" என்றேன். ஆதாரமாக டாக்டர் சீட்டைக் கொண்டுபோயிருந்தேன். அவர் முழுக்கப் படித்தார். ஏழு மணி நேரத் தூக்கம் என்ற வரியில் அவர் விரல் சற்று நேரம் நின்றது.

"எனக்குப் புரியுது. ஆனா பேச்சுவார்த்தை நடந்துச்சுன்னு நான் எழுதணும். கோரிக்கையே இல்லாம எப்படிம்மா முடிச்சு வைக்கிறது? எதாவது ஒண்ணு சொல்லுங்க."

"மொட்டைமாடிச் சாவி வாங்கிக் குடுங்க மேடம்" என்றாள் பொம்மிடிக்காரி.

"அது எங்க துறை இல்லம்மா."

அப்பா சொன்ன ரோடு எனக்கு நினைவு வந்தது. வாய் வரவில்லை. அதற்குள் சித்தேரிக்காரி எழுந்து வாசலுக்குப் போய் அந்த அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்துவிட்டாள்.

"இவங்க பொம்பளைங்க மேடம். அத மட்டும் எழுதிக் குடுங்க. எங்க கோரிக்கை அதானுங்க."

அதிகாரி காகிதங்களை வாங்கிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஒரு எழுத்தரைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், எல்லோரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்கள். அரைமணி நேரத்தில் அந்த அக்கா பெண்ணாக ஆகிவிட்டார். அச்சடித்துக் கொடுத்த காகிதத்தை வெளியில் வந்து என்னிடம் நீட்டி, "படிச்சுச் சொல்லுங்க பாப்பா, சரியா இருக்குதா?" என்றார். படித்தேன். "பெண்ணுன்னு இருக்குதுங்க அக்கா." இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தோம். மறுநாள் காலை ஏழரைக்குப் போனால் எங்கள் மண்தரைக்கு மேலே நான்கு மூங்கில் நட்டு, நாற்றங்காலுக்குப் போடுகிற பச்சை வலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு ஊழியர் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாணவிங்க வெயில்ல நின்னு கஷ்டப்படறாங்கன்னு மேடம் நோட் போட்டாங்க" என்றார் பெருமையாக. "இனிமே ஒரு பொட்டு வெயில் படாது. தைரியமா நில்லுங்க."

நாங்கள் நின்றோம். வேறென்ன செய்வது? மனிதர் எதிரிலேயே நின்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை வெளிச்சத்தில் எல்லோர் முகமும் காய்ச்சல் கண்டது போல இருந்தது. பொம்மிடிக்காரி தன் ஒரு கையை மட்டும் வலைக்கு வெளியே நீட்டி வெயில் பட வைத்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் வரிசையில் இருந்த எல்லோரும் ஒரு கையை வெளியே நீட்டினார்கள்.

விஷயம் அன்றே வார்டன் அம்மாவின் காதுக்குப் போனது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் எங்களை அறைக்கு வரச் சொன்னார். கெட்டவர் இல்லை. ஆனால் எந்தச் சிக்கலையும் மன்னிப்புக் கடிதம் வாங்கித்தான் தீர்ப்பார். அலமாரியில் அதற்கென்று ஒரு ஃபைல் உண்டு.

"செஞ்ச தப்ப எழுதி, இனிமே செய்ய மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மூணு பேரும் தனித்தனியா."

உட்கார்ந்து எழுதினோம். சித்தேரிக்காரி எழுதியது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. 'நான் என் உடம்பைப் பார்த்துக்கொண்டேன். காலையில் தண்ணீர் குடித்தேன். இட்லி சாப்பிட்டேன். பதினைந்து நிமிடம் சும்மா இருந்தேன். இனிமேல் இவ்வாறு செய்ய மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.'

அவள் குத்திக்காட்ட எழுதவில்லை. தப்பை எழுதச் சொன்னார்கள், நடந்ததை எழுதினாள். வார்டன் அம்மா அதை வாசித்துவிட்டு ஃபைலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இத எப்படிடி நான் உள்ள வைக்கிறது? நாளைக்கு யாராவது பாத்தா என்னைய என்ன நெனப்பாங்க?"

"மாத்தி எழுதட்டுங்களாம்மா?"

"வேண்டாம் வேண்டாம்." இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஒரு சாவியைக் கழற்ற ஆரம்பித்தார். அது வளையத்தில் இறுகியிருந்தது. பொம்மிடிக்காரி நகத்தால் நெம்பிக் கொடுத்தாள். "வெயிலு வேணும்னா எங்கிட்டக் கேக்கறதுதான. ஊரையே கூட்டி நிக்க வச்சிருக்கீங்க."

சாவி கொடுத்தாலும் பதிவேடு இல்லாமல் கொடுக்க அவரால் முடியாது. ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, மாடிக்குப் போன நேரம், இறங்கிய நேரம், காரணம் என்று எழுதி வைத்தார். அந்த வருடம் முழுக்க நாங்கள் காரணம் என்ற கட்டத்தில் 'வெயில்' என்று எழுதினோம். மப்பு மூடிய ஒரு நாள் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று பேரும் படிக்கட்டிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

மாடியில் மண் இல்லை. ஒரு சிமெண்டுச் சட்டியில் மண் நிரப்பி முறைவைத்து அதில் ஏறி நின்றோம். குரங்குகள் வரத்தான் செய்தன. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எங்களைப் பார்க்கும். நாங்கள் ஒன்றும் தின்பதில்லை, பேசுவதில்லை, அசைவதில்லை என்று கண்டுகொண்டதும் சலித்துப்போய்விடும்.

அங்கிருந்து பார்த்தால் எதிரில் அந்தப் பச்சை வலை தெரியும். நாங்கள் போன பிறகும் அங்கே ஆட்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். செருப்பைக் கழற்றி, வாயை மூடி, ஒரு கையை வெளியே நீட்டி. முதுகுவலிப் போலீஸ்காரரை இரண்டு முறை அந்த வரிசையில் பார்த்தேன். ஏழே முக்காலுக்குக் கை தட்ட ஆளில்லாததால் மோர்க் கடைக்காரரே கை தட்டினார். ஒருநாள் கீழே போய், இதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"சொன்னா யாரு நம்புவா?" என்றாள் சித்தேரிக்காரி. "அதுவுமில்லாம அவங்களுக்கும் ஒடம்பு இருக்குதில்ல."

மார்கழியில் உதவித்தொகை ஆணை வந்தது என்று அந்த அக்கா ஒரு பை அவித்த நிலக்கடலையோடு விடுதிக்கு வந்தார். வார்டன் அம்மா வருகைப் பதிவேட்டில் அவரிடம் கையெழுத்து வாங்கினார். அதில் பாலினம் என்ற கட்டத்தில் அக்கா தானே, பெரிய எழுத்தில், 'பெண்' என்று எழுதி அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டார்.

படிப்பு முடிந்து நாங்கள் பிரிந்தோம். பொம்மிடிக்காரி வங்கித் தேர்வை மூன்றாவது முறை எழுதித் தேறி இப்போது ஓசூர்ப் பக்கம் இருக்கிறாள். நான் தருமபுரியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சித்தேரிக்காரி மலையிலேயே ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறாள், விடுமுறையில் காட்டு வேலையும் பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்குப் போன் செய்தேன். நீண்ட நேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"ஒடம்பப் பாத்துக்கறயா? ஒழுங்காத் தூங்கறயா?" என்றேன்.

"தூங்கிக்கிட்டுதான் இருந்தன். நீதான எழுப்பிட்ட" என்றாள்.

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம்.